கென்ரக்கியின் காணி உறுதிகளும் மேற்பரப்பு நிலக்கரி அகழ்வும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கென்ரக்கி அப்பலாச்சிய மலைகளின் செங்குத்தான சரிவுகளிலே அமைந்த பிரதேசமாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலார் சோளம் பயிரிட்டுச் சீவித்த சிறு கமக்காரர். அவர்தம் மலைகளுள்ளே கிடந்த கரியை நாடி வந்தோருள் முதன்மையானவர் முன்னாட் பள்ளியாசிரியரான ஜோன் சி. சி. மேயோ (1864–1914). ஏக்கர் ஒன்றுக்கு 50 சதம் முதற் சில டொலர் வரை கொடுத்து இத்தகையோர் வாங்கியது காணியையன்று. காணியின் கீழுள்ள கனிப்பொருளையே.

இதற்கென எழுதப்பட்ட உறுதி ‘விரிபடிவ உறுதி’ எனத்தக்கது. இதன்படி மேற்பரப்பு கமக்காரனுக்கே உரியது. அதற்கான வரியையும் அவனே இறுக்கவேண்டும். ஆயின், கரியை எடுப்பதற்கு வசதியானதென்றோ அவசியமானதென்றோ கருதும் எதனையும் செய்யவும், பாதை வெட்டவும், நீரைப் பயன்படுத்தவும் கரிக்குரியவர் உரிமை பெற்றார். அதனால் விளையும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர். உறுதியை வரைந்தவரின் கைத்திறனை வியவாதிருக்க முடியாது. எழுத்தறியாத பலர் அதிற் புள்ளடியிட்டனர். அவர்கள் அறிந்திருந்த கரி அகழ்வு மலையிற் சுரங்கம் குடைந்து நடப்பது. வீடும் தோட்டமும் மேலே அப்படியே இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையின் மின்னிலையங்கள் மலிவான கரியைப் பெருந்தொகையாக வாங்கலாயின. புல்டோசர்களும் பாரிய அகழ்பொறிகளும் மலையேறின. கரிப்படை சரிவிலே வெளித்தோன்றும் மட்டத்தைப் பின்பற்றி, மலையைச் சுற்றி ஒரு படிக்கட்டுப்போல வெட்டுவதே புதிய முறை. படையின் மேலுள்ள மண்ணும் பாறையும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுச் சரிவிற் கீழே தள்ளப்படும். கரி நீங்கியபின் உட்புறத்தே செங்குத்தான பாறைச்சுவர் எஞ்சும். அதனுள்ளும் பெருந் துறப்பணங்களைச் செலுத்திக் கரி எடுப்பதுண்டு. தள்ளப்பட்ட மண் மழையில் வழுக்கித் தோட்டங்களையும் வீடுகளையும் மூடியது. கரியோடு கலந்திருந்த இரும்புக் கந்தகக் கனிப்பொருள் காற்றும் நீரும் பட்டு அமிலத்தைப் பிறப்பிக்க, ஓடைகள் கெட்டன.

இச்சேதத்துக்கு நட்டஈடு கோரியோருக்கு நீதிமன்றம் பழைய உறுதியையே காட்டியது. சுரங்கமென்று உறுதி கூறவில்லை. எனவே மலையை வெட்டுவதும் அதனுள் அடங்கும் என 1956இற் கென்ரக்கியின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965 நவம்பரில் நொற் கவுண்டியில் ஒலி கோம்ஸ் என்னும் விதவைத் தாய் தமது வீட்டின் மேலுள்ள சரிவிற் புல்டோசரின் முன் அமர்ந்தார். அதிகாரிகள் இருவர் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிச் சென்ற புகைப்படம் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே மாநிலம் அகழ்வைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றிற்று. எனினும் 1968இல் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மீண்டும் உறுதிப்படுத்தியது.

நிலத்தை மீளச் சீராக்குவதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய கூட்டாட்சிச் சட்டத்தில், ஜனாதிபதி போட் இருமுறை மறுத்த பின்னர், ஜனாதிபதி காட்டர் 1977 ஆகஸ்ட் 3இல் ஒப்பமிட்டார். மேல்மண் தனியே பேணப்படல் வேண்டும். பாறைச்சுவர் மூடப்பட்டு மலை ஏறத்தாழ முந்திய வடிவைப் பெறல் வேண்டும். பிணைப்பணம் கட்டப்படல் வேண்டும். முன்னர் கைவிடப்பட்ட நிலங்களுக்காக, மேற்பரப்பில் அகழும் கரியின் தொன் ஒன்றுக்குத் தொடக்கத்தில் 35 சதம் அறவிடப்பட்டது. ஆனால் வடிவம் மீண்டதேயன்றி மண் மீளவில்லை. சரிவு வழுக்காதிருக்கப் புல்டோசர்கள் திரும்பத் திரும்ப அழுத்திய நிலத்திற் புல் வளர்ந்தது, மரவேர் இறங்கவில்லை. காடு திரும்ப வேண்டுமாயின் நான்கடி ஆழத்துக்கு மண்ணை இளக்கமாக விடவேண்டும் என்னும் முறை 2004இன் பின்னரே பரவலாக ஊக்குவிக்கப்பட்டது.

மேலும், மேற்பரப்புக்குரியவரின் சம்மதம் வேண்டுமா என்ற வினாவை 1977ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கே விட்டுவிட்டது. கென்ரக்கி மக்கள் அதற்கு 1988 நவம்பரில் விடை கூறினர். உறுதியில் அகழும் முறை சொல்லப்படாதவிடத்து, அது எழுதப்பட்ட காலத்தில் அப்பகுதியில் வழக்கிலிருந்த முறையே கருதப்பட்டதெனக் கொள்ளவேண்டும் என்னும் யாப்புத் திருத்தத்துக்கு ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1993இல் மாநில உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்று, 1956ஆம், 1968ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளைத் தள்ளிவைத்தது.