போர்ட்

காலடிப்பேட்டையில் ‘போர்ட்’ என்றதும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். தெற்கே சென்னை, வடக்கே எண்ணூர். ‘நம்பரை போர்ட் பண்ணணும்’ என்று செல்போன் கடையில் கேட்பது வேறு சொல். துறைமுகத்துக்கு மூலம் லத்தீன் ‘போர்ட்டுஸ்’. நம்பர் ‘போர்ட்’டுக்கு மூலம் ‘போர்ட்டாரே’, அதாவது சுமந்து செல்லுதல். ரயிலடிப் போர்ட்டரும் எக்ஸ்போர்ட்டும் இதன் வழிவந்தவை. 2010 நவம்பரில் ஹரியாணாவிலும் 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் இவ்வசதி வந்தபோது, 1900க்கு அனுப்பும் குறுஞ்செய்தியின் முதல் சொல்லாகவே ‘போர்ட்’ நம் வாயில் ஏறிவிட்டது. தமிழில் இதை ‘எண் மாற்றம்’ என்றால் பொருளே தலைகீழ்: மாறுவது நிறுவனம், எண் அல்லவே! ‘எண் பெயர்வு’ தேவலை. குடிபெயர்கிறவர் தட்டுமுட்டுச் சாமான்களோடு போவதுபோல, நகர்தல் அதில் இருக்கிறது. ஆனால் நகர்வது சந்தாதாரர். எண் அவர் கையிலேயே தங்குகிறது. ஆகவே ‘எண் தக்கவைப்பு’ என்பதே என் தேர்வு. ஊன்றிவிட்ட சொல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்பார்கள். பேச்சில் பிடுங்க வேண்டாம். படிவத்திலும் விளம்பரத்திலும் பொருள் புரிய வேண்டுமே. பேச்சு தன் வழியில் போகும்: 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்கு அமைத்த காலெட் பேட்டைதான், காலெட்டை மறந்து, காலடிப்பேட்டை ஆனது.