மோ தாவ் சூ ஷி: கதைமாந்தரும் உறவுகளும்

மோ ஷியாங் தோங் ஷியூ எழுதிய ‘மோ தாவ் சூ ஷி’, 2015–16இல் ஜின்ஜியாங் தளத்தில் தொடராக வந்த சீன இணைய நாவல். பழிசுமந்து மாண்ட வெய் வூஷியன், 13 ஆண்டுகள் கழித்து வேறொருவன் உடலில் உயிர்த்தெழுகிறான். முகம் மாறியிருந்தும், அவன் குழலில் வாசிக்கும் மெட்டைக் கொண்டே, அவனை நேசிக்கும் லான் வாங்ஜி அவனைக் கண்டுகொள்கிறான். அது லான் வாங்ஜி இயற்றி, அவனுக்கு மட்டும் பாடிக்காட்டிய மெட்டு.

இவ்விருவரின் காதலைவிடவும் நுட்பமாக வளர்வது, வெய் வூஷியனுடன் கூடவே வளர்ந்த ஜியாங் செங்குடனான உறவு. ஆற்றலின் ஊற்றான தன் பொன்கருவை வெய் வூஷியன், அதை இழந்து நிற்கும் ஜியாங் செங்குக்குச் சொல்லாமலே தந்துவிடுகிறான். அந்த உண்மை வெளிப்படும்போது ஜியாங் செங் குமுறி அழுகிறான். ஆனால், ஜியாங் செங் முன்பு தன் பொன்கருவை இழந்ததே வெய் வூஷியனைத் தேடிவந்த எதிரிகளைத் திசைதிருப்பப் போய்த்தான். வாசகருக்கு இது கடைசியில்தான் தெரியும்; வெய் வூஷியனுக்குத் தெரிவதே இல்லை. நல்லவன், கெட்டவன் என்று இருவரையும் பிரிக்க முடியாமல் போவது இதனால்தான்.

இந்நாவல் 2019இல் ஷியாவ் ஜான், வாங் யீபோ நடித்த திரைத்தொடராகவும் வந்தது. சீனத் தணிக்கையால் அதில் காதல் நட்பாக்கப்பட்டது.