பள்ளி மாணவரும் ஊர் வரலாறும்: ஜெர்மானிய வரலாற்றுப் போட்டியை முன்வைத்து

பள்ளி மாணவர் வரலாற்றைப் படிப்பதற்குரியவர் என்பது பாடத்திட்டங்கள் பலவற்றின் பேசப்படாத அடிப்படையாகும். பாடநூல் ஒரு செய்தியைத் தருகிறது. மாணவர் அதனை மனங்கொள்கிறார். தேர்வு அதனைத் திரும்பக் கேட்கிறது. இவ்வொழுங்கினின்று விலகி, ஆவணத்தையும் சான்றாளரையும் தேடிச் சென்று எழுதும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைத்த முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில நாடுகளில் தோன்றின. அவற்றுள் நெடுங்காலமாக நடைபெற்றுவருவது ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கப்பெறும் வரலாற்றுப் போட்டி. 1973 முதல் இன்றுவரை ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இளையோர் அதில் பங்கேற்றுள்ளனர். அப்போட்டி தோன்றிய சூழலையும், ஊரின் கடந்தகாலம் யாருக்கு உரியது என்னும் வினாவை அது எழுப்பிய விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

போட்டியின் தோற்றம்

மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவராக 1969 முதல் 1974 வரை விளங்கிய குஸ்டாவ் ஹைனமன் இப்போட்டியின் மூலவர். ஹிட்லர் காலத்தில் அரசுக்கு அடிபணிய மறுத்த 'அறிக்கைத் திருச்சபை' என்னும் சீர்திருத்தக் கிறித்தவ அமைப்பைச் சார்ந்தவர் அவர். போருக்குப் பின் அடினோவர் அமைச்சரவையில் உள்துறையை ஏற்றிருந்த அவர், நாட்டிற்கு மீண்டும் படை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 1950இல் பதவி விலகினார். அவர்தம் முன்னோர் 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் பங்கு கொண்டவர்கள். ஆகவே அப்புரட்சி அவருக்குக் குடும்ப நினைவாகவும் இருந்தது.

ஜெர்மானியப் பாடநூல்கள் மன்னர்களையும் பிஸ்மார்க்கையும் போற்றிய அளவிற்கு விடுதலைக்காகப் போராடித் தோற்றவர்களைப் பேசவில்லை என்பது ஹைனமனின் குறை. 1970ஆம் ஆண்டு பிரேமன் நகரில் ஆற்றிய உரையில் இக்கருத்தை அவர் வெளிப்பட முன்வைத்தார். அதன் தொடர்ச்சியாக இரண்டு முயற்சிகள் உருப்பெற்றன. ஒன்று, ஜெர்மானிய விடுதலை இயக்கங்களுக்கென ராஸ்டாட் நகர அரண்மனையில் 1974இல் திறக்கப்பெற்ற நினைவகம். மற்றொன்று, ஹாம்பர்க் தொழிலதிபர் கூர்ட் கொர்பரின் அறக்கட்டளையோடு இணைந்து 1973இல் அறிவித்த பள்ளி மாணவர் போட்டி. முதல் மூன்று சுற்றுகளின் பொருள்களும் இந்நோக்கத்தைப் புலப்படுத்துகின்றன: 1848-49 புரட்சி, பேரரசு வீழ்ந்து குடியரசு பிறந்த 1918-19, போருக்குப் பின் மக்களாட்சி மீண்டும் துளிர்த்த 1945-46.

அரசின் தலைவரே, அரசை எதிர்த்து நின்றோரின் வரலாற்றை எழுதுமாறு இளையோரை அழைத்துப் பரிசும் அறிவித்தமை அரிய நிகழ்ச்சி. எனினும் இம்மூன்று பொருள்களும் நாட்டு வரலாற்றின் பெருநிகழ்ச்சிகளே. மாணவர் தம் தெருவிலிருந்து தொடங்குதற்கு அவை எளிதில் இடம் தரவில்லை.

அன்றாட வாழ்வை நோக்கி

1970களின் இறுதியில் போட்டியின் திசை மாறியது. உழைப்பு, குடியிருப்பு, ஓய்வுநேரம் என அன்றாட வாழ்வின் கூறுகள் பொருள்களாயின. ஐரோப்பிய வரலாற்றியலிலேயே அக்காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் சாயல் இதில் தென்படுகிறது. சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட், நின்ற இடத்திலேயே தோண்டுமாறு தொழிலாளரை அழைக்கும் தலைப்புடைய தம் நூலை வெளியிட்டது 1978இல். தொழிலாளர் தம் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராயலாம் என்பது அந்நூலின் கருத்து. 1980களில் மேற்கு ஜெர்மனியின் நகரங்களில் 'வரலாற்றுப் பட்டறைகள்' என்னும் தன்னார்வக் குழுக்கள் பெருகியதும் இதே உணர்வின் விளைவு.

1979 சனவரியில் 'ஹோலோகாஸ்ட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பாயிற்று. யூதக் குடும்பம் ஒன்றின் அழிவைச் சித்திரித்த அத்தொடர், வீடுகளில் அதுவரை எழாத வினாக்களை எழச் செய்தது. அடுத்த ஆண்டு போட்டி அறிவித்த பொருள், 'நாசி ஆட்சிக்காலத்தில் அன்றாட வாழ்வு'. 1980-81ஆம் சுற்றில் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர் பங்கேற்றனர். 1982-83இல் அதே பொருள் போர்க்காலத்திற்கு நீட்டப்பெற்றது.

காலக்கணக்கு ஒன்று இங்கு நோக்கத்தக்கது. ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் இருபது வயதினராய் இருந்தோர்க்கு 1980இல் அறுபத்தேழு வயது. அவர்கள் ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தனர். சிலர் பொறுப்பான நிலைகளிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தனர். பாடநூலில் 'ஆட்சி', 'கட்சி', 'மக்கள்' எனப் பொதுப்பெயரால் சுட்டப்பெற்றோர், ஊர் அளவில் ஆராயும்போது இயற்பெயர் பெறுகின்றனர். பெரும் வரலாற்றிற்கும் ஊர் வரலாற்றிற்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே. ஆறாயிரம் கல் தொலைவில் இருக்கும் ஆய்வாளர் எளிதில் எழுதக்கூடிய ஒரு செய்தி, அண்டை வீட்டு மாணவர் எழுதும்போது பகையாக மாறுகிறது.

பாசாவ் நகர நிகழ்வு

இதற்குத் தக்க சான்று, டான்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் பவேரிய நகரமான பாசாவ். ஆயர் ஒருவரின் தலைமையிடமாகப் பல நூற்றாண்டு விளங்கிய ஊர் அது. கி.பி. 1200ஐ ஒட்டி எழுந்த நிபெலுங்கர் காப்பியம் இந்நகரச் சூழலில் தோன்றியிருக்கலாம் என்பது இலக்கிய ஆய்வாளர் பலரின் கருத்து. ஹிட்லர் குழந்தைப் பருவத்தில் சில காலம் வாழ்ந்ததும் இவ்வூரிலேயே.

இந்நகரில் 1960இல் பிறந்த அன்னா ரோஸ்முஸ் 1980-81ஆம் சுற்றிற்காகத் தம் ஊரை ஆராய முற்பட்டார். கத்தோலிக்க நகரமான பாசாவ் நாசிகளை எதிர்த்து நின்றது என்பதே அவர் கேட்டு வளர்ந்த செய்தி. அவ்வெதிர்ப்பை ஆவணத்தால் நிறுவலாம் எனத் தொடங்கியவர்க்குக் கிடைத்த சான்றுகள் வேறாயிருந்தன. நன்மதிப்போடு வாழ்ந்த சிலர் அக்காலத்தில் ஆட்சியோடு ஒத்துழைத்தமை வெளிப்பட்டது. தொடர்ந்து ஆவணங்களைக் கேட்டபோது கதவுகள் அடைபட்டன. நகராட்சி வசமிருந்த கோப்புகளைக் காண நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. மிரட்டல்களும் வந்தன.

போட்டிக்கான ஆறு திங்கள் முடிந்த பின்னரும் அவர் ஆய்வு தொடர்ந்தது. 1933 முதல் 1939 வரையிலான பாசாவ் நகரின் எதிர்ப்பையும் ஒடுக்குமுறையையும் பற்றிய அவரது நூல் 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டு அந்நூலுக்கு ஷோல் உடன்பிறந்தார் பரிசு கிடைத்தது. மைக்கேல் வெர்ஹோவன் இயக்கி 1990இல் வெளிவந்த 'மோசமான பெண்' என்னும் பொருள்படும் தலைப்புடைய திரைப்படம் இந்நிகழ்வுகளைத் தழுவியது. ரோஸ்முஸ் 1994இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார்.

இந்நிகழ்வைத் தனியொரு பெண்ணின் துணிவாக மட்டும் காண்பது திரைப்படத்திற்கு ஏற்றது. வரலாற்று ஆய்விற்குப் போதாது. அக்காலத்தில் மேற்கு ஜெர்மனியில் ஆவணக் காப்பகத்தைப் பயன்படுத்தும் உரிமையை வரையறுக்கும் சட்டமே இல்லை. நடுவண் ஆவணக் காப்பகச் சட்டம் இயற்றப்பெற்றது 1988இல். பவேரிய மாநிலச் சட்டம் 1989இல். அதற்குமுன் கோப்பைக் காட்டுவதும் மறுப்பதும் பொறுப்பிலிருந்த அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்ததே. ஆயிரக்கணக்கான மாணவர் ஒரே பருவத்தில் ஊர்தோறும் சென்று கோப்பு கேட்டபோது, இச்சட்ட வெறுமை பலர் கண்ணுக்கும் தெரிந்தது. இந்தியாவில் நடுவண் அரசின் ஆவணங்களுக்கான பொது ஆவணச் சட்டம் 1993இலும், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலும் வந்தன என்பதை ஒப்பிட்டுக் காணலாம்.

போட்டிக்குப் பொருளுதவி செய்த கொர்பரும் இவ்வினாவிற்கு விலக்கல்லர். போர்க்காலத்தில் அவர் பொறுப்பு வகித்த டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர் வேலை வாங்கப்பெற்றனர். அவர் வாழ்வின் அப்பகுதியும் பின்னாளில் வரலாற்று ஆய்விற்கு உட்பட்டது.

பணியறிக்கையும் மதிப்பீடும்

இன்றைய நிலையில் போட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. செப்டம்பர் முதல் நாள் பொருள் அறிவிக்கப்பெறும். பிப்ரவரி இறுதியில் படைப்பு சேர வேண்டும். இருபத்தொரு வயது வரையுள்ளோர் தனியாகவோ குழுவாகவோ வகுப்பாகவோ பங்கேற்கலாம். கட்டுரை, படம், ஒலிப்பதிவு, கண்காட்சி என எவ்வடிவமும் ஏற்கப்படும். பொருளுக்கு ஊரோடோ குடும்பத்தோடோ தொடர்பு இருத்தல் வேண்டும். விலங்குகள் (2000-01), புலம்பெயர்வு (2002-03), உழைப்பு (2004-05), அவதூறுகள் (2010-11), எல்லைகள் (2024-25) எனப் பொருள்கள் பலதிறப்பட்டன.

இவ்விதிகளுள் சிறந்தது, படைப்போடு 'பணியறிக்கை' ஒன்றையும் இணைக்க வேண்டும் என்பது. எவ்வினாவோடு தொடங்கினர், எங்கெல்லாம் சென்றனர், எது கிடைக்கவில்லை, யார் பேச மறுத்தனர், நெறியாளராகிய ஆசிரியர் எந்த அளவு உதவினார் என்பனவற்றை மாணவர் அதில் எழுத வேண்டும். தமிழ்த்துறைகளில் நாட்டார் வழக்காற்று ஆய்வு செய்வோர் களப்பணிக் குறிப்பேடு எழுதுவதை இது நினைவூட்டும். ஆனால் நம் ஆய்வேடுகளில் அக்குறிப்பேடு பெரும்பாலும் பின்னிணைப்பாகவோ, முன்னுரையின் இரண்டு பத்தியாகவோ சுருங்கிவிடுகிறது. கிடைக்காத தரவைப் பற்றி எழுதுவது குறையாகவே கருதப்படுகிறது. மறுக்கப்பட்ட ஆவணமும் ஒரு தரவே என்பதைப் பள்ளி மாணவர்க்கான போட்டி ஒன்று விதியாகக் கொண்டுள்ளமை எண்ணத்தக்கது. நம் நாட்டுப் பள்ளிகளின் கட்டுரைப் போட்டிகளோ நடையழகையும் மேற்கோள் மிகுதியையும் அளக்கின்றன. கட்டுரையாளர் வீட்டைவிட்டு வெளியே வந்தாரா என்பதை அவை கேட்பதில்லை. தமிழகப் பள்ளிகளில் அமைந்த தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் சில, மாணவரைக் கல்வெட்டிற்கும் பானையோட்டிற்கும் அழைத்துச் சென்றமை இதற்கு விலக்கு.

வாய்மொழிச் சான்றின் இடர் இப்போட்டியிலும் உண்டு. ஹரால்டு வெல்சரும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. நாற்பது குடும்பங்களில் மூன்று தலைமுறையினரிடம் அவர்கள் உரையாடினர். பாட்டனார் தம் செயலைத் தாமே ஒப்புக்கொண்டு கூறியிருந்தும், பேரர் அதனை மறுமுறை சொல்லும்போது அவரை எதிர்ப்பாளராகவோ பிறரைக் காத்தவராகவோ மாற்றிவிடுதல் பல குடும்பங்களில் காணப்பட்டது. அன்பே இங்குத் திரிபிற்குக் காரணம். பள்ளிக்கல்வியால் நாசிக் கொடுமைகளை நன்கறிந்த தலைமுறையே இவ்வாறு திரித்தது என்பது வியப்பிற்குரியது. கொடுமையின் அளவை அறிந்த பேரர்க்குத் தம் பாட்டனாரை அதற்குள் வைத்துக் காண்பது இயலாததாயிற்று. எனவே நேர்காணலோடு நின்றுவிடாமல் நாளேடு, பதிவேடு, கடிதம் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும் என்று போட்டி வலியுறுத்துவது தேவையானதே.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரப் பேராசிரியர் டேவிட் வான் டாசல் 1974இல் தொடங்கிய 'தேசிய வரலாற்று நாள்' போட்டி, இன்று ஆண்டுதோறும் சுமார் ஐந்து லட்சம் மாணவரை ஈர்க்கிறது. 1964இல் மிசிசிப்பியில் குடியுரிமைப் போராளிகள் மூவர் கொல்லப்பட்ட வழக்கை, இல்லினாய் மாநிலப் பள்ளி மாணவியர் மூவர் இப்போட்டிக்காக 2004இல் ஆவணப்படமாக்கினர். குற்றஞ்சாட்டப்பட்ட எட்கர் ரே கில்லனிடமே தொலைபேசியில் நேர்கண்டனர். கொலை நிகழ்ந்து சரியாக 41 ஆண்டு நிறைந்த 2005 சூன் 21 அன்று அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கு மீண்டும் எழுந்ததற்குப் பத்திரிகையாளர், உறவினர் எனப் பலரின் நெடுநாள் உழைப்பு காரணம். மாணவியரின் பணி அதில் ஒரு பகுதி.

ரஷ்யாவின் அனுபவம் வேறு. ஸ்டாலின் கால ஒடுக்குமுறையை ஆவணப்படுத்திய 'மெமோரியல்' அமைப்பு, 'வரலாற்றில் மனிதர்: ரஷ்யா, இருபதாம் நூற்றாண்டு' என்னும் போட்டியை 1999இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு மேற்பட்ட படைப்புகள் வந்தன. அவற்றுள் கணிசமானவை சிற்றூர்களிலிருந்து வந்தமை சிறப்பு. கூட்டுப்பண்ணையாக்கத்தின்போது உடைமை பறிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்ட உழவர், முகாமிலிருந்து மீண்டும் வாய் திறவாத பாட்டிமார், போரில் காணாமற்போனோர் எனக் குடும்பங்களுக்குள் அடங்கிக் கிடந்தவை எழுத்தாயின. ஊர்ப்புற வரலாற்றாசிரியர் பலர் இதற்கு உறுதுணையாயினர். கொர்பர் அறக்கட்டளை 2001இல் அமைத்த 'யூஸ்டோரி' என்னும் ஐரோப்பியப் போட்டிகளின் கூட்டிணைப்பில் இப்போட்டியும் இடம்பெற்றது.

2016 ஏப்ரலில் மாஸ்கோவில் பரிசளிப்பிற்கு வந்தோர்மீது தேசியவாதக் குழுவினர் முட்டையும் பச்சை மருந்துச் சாயமும் வீசினர். நடுவர் குழுவிற்குத் தலைமை வகித்த எழுத்தாளர் லுத்மிலா உலீத்ஸ்கயாவும் தாக்கப்பட்டார். பரிசு பெற வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் அக்கூட்டத்தினூடே அரங்கிற்குள் செல்ல வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் மெமோரியல் அமைப்பைக் கலைக்க ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் அவ்வமைப்பும் ஒன்று. போட்டியின் தொடக்க ஆண்டுகளில் பரிசு பெற்ற கட்டுரைகளுள் சில, இரீனா ஷெர்பகோவா பதிப்பில் ஜெர்மன் மொழியாக்கமாக 2003இல் ஹாம்பர்க் நகரில் நூலுருப் பெற்றிருந்தன.