பழுதான டிரான்சிஸ்டரில் பிறந்த தாளம்

முச்சக்கர வண்டியிலும் பிள்ளைகளின் போனிலும் நெஞ்சு அதிரக் கேட்கிறதே, ஒரு "தூம்" சத்தம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்மில் பலர் அமெரிக்கா என்போம். அதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

இக்குத்தாரோ ககேஹாஷி 1930இல் ஒசாகாவில் பிறந்தார். நினைவு தெரியும் முன்பே தாய் தந்தையை இழந்து பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், பதினாறு வயதில் கடிகாரம் திருத்தத் தொடங்கினார். இருபது வயதளவில் காசநோய் பிடித்தது. வருடக் கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதிய மருந்து. அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிவான நோயாளிகளில் ஒருவரானதால் உயிர் தப்பினார்.

வெளியே வந்தவர் ரேடியோ கடை போட்டார். பிறகு இலத்திரனியல் இசைக்கருவிகள் செய்யத் தொடங்கி, 1972இல் ரோலண்ட் கம்பனியை ஆரம்பித்தார். இவர் முறையாக இசை படித்தவரல்ல என்பதைக் கவனியுங்கள்.

1980இல் ரோலண்ட் வெளியிட்ட தாள இயந்திரம்தான் டிஆர் 808. அதே காலத்தில் வந்த அமெரிக்க இயந்திரம் ஒன்று, உண்மையான டிரம் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்து ஒலித்தது. விலை ஏறத்தாழ ஐயாயிரம் டொலர். 808 ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு டொலர். அது எந்தச் சத்தத்தையும் பதிந்து வைக்கவில்லை, மின்சுற்றாலேயே உருவாக்கியது. அதிலும் ஒரு விசேஷம். தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை ககேஹாஷி வேண்டுமென்றே வாங்கிப் போட்டார். அந்தக் குறையிலிருந்துதான் அதன் தனியான ஓசை வந்தது.

"இது டிரம் போலவே இல்லையே" என்று பலர் முகம் சுளித்தார்கள். பெரிதாக விற்கவில்லை. டிரான்சிஸ்டர் உற்பத்தி திருந்தத் திருந்த பழுதானவை கிடைப்பதும் நின்றது. ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் இயந்திரங்களோடு 1983இல் 808 முடிந்து போனது.

அதன் பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்த 808ஐ, ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். ஹிப் ஹொப்பும் டெக்னோவும் அதன் மேல் வளர்ந்தன. இன்று நாம் கேட்கும் அந்த "தூம்" அதன் வழிவந்தது.

இதேபோல பம்பாயிலும் ஒரு கதை நடந்தது. ஹிந்திப் படங்களுக்கு வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982இல் மூன்று ரோலண்ட் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே கருவிகளில் ஒன்றைக் கொண்டு அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் அஸிட் ஹவுஸ் என்ற புது இசையைத் தட்டாக வெளியிட்டது 1987இல். சிங்கின் தட்டு 2010இல் மறுபடி வெளியானபோது கேட்டவர்கள் அசந்து போனார்கள். ஐந்து வருடம் முன்பே ஏறத்தாழ அதே ஓசை! 2015இல் காலமாவதற்கு முன் அந்த மதிப்பை அவர் கண்ணால் கண்டார்.

ககேஹாஷி செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. அக்காலத்தில் ஒரு கம்பனியின் கருவி மற்றதோடு பேசாது. எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று அவர் அமெரிக்கப் பொறியியலாளர் டேவ் ஸ்மித்தோடும் போட்டிக் கம்பனிகளோடும் பேசினார். 1983இல் மிடி பிறந்தது. அதற்கு அவர்கள் கட்டணம் கேட்கவில்லை, யாரும் பாவிக்கலாம் என்று விட்டார்கள். நம்மூர் ஸ்டூடியோவில் கீபோர்டும் கணினியும் இணைந்து வேலை செய்வது அதனால்தான். முப்பது வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

இதை ஏன் எழுதுகிறோம்? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு என்றால் "வேறொன்றும் கிடைக்காதவன் போகிற இடம்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வீட்டில் ரேடியோவைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு அடி விழுகிறது. கடிகாரம் திருத்திய ஒரு பையனின் கை என்ன செய்தது என்று அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நம் ஊரில் ரேடியோ, கெசட் திருத்தித் திருத்தியே தொழில் கற்றவர்களை உங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் கதையைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் வாசிக்கட்டும்.