குருதி தரும் முன்னறிவிப்பு

புயல் நெருங்கும்போது காற்றழுத்தமானியில் பாதரச மட்டம் இறங்குவதை நாம் அறிவோம். பாதரசம் புயலை உண்டாக்குவதில்லை. அறிவிக்க மட்டுமே செய்கிறது. மனிதக் குருதியிலும் இத்தகைய அறிவிப்பான்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பெனிசிலின் வழக்கத்திற்கு வராத காலம் அது. நிமோனியா பலரைப் பலிகொண்டு வந்தது. நியூயார்க் நகரில் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் அந்நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து, 1930ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ‘சி’ என்று பெயர். நோய் கடுமையாக உள்ளவரின் குருதித் தெளிநீருடன் அதைச் சேர்த்தால் வீழ்படிவு தோன்றியது.

கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளே இதற்குக் காரணமாக இருக்குமோ? அவ்வாறாயின் நோயாளி தேறும்போது வீழ்படிவு மிகுதியாக வேண்டும். நடந்ததோ நேர்மாறு! காய்ச்சல் தணிந்ததும் அது விரைவில் மறைந்தது. பிழைக்காதவர்களிடம் இறுதிவரை நீடித்தது. வேறு சில கிருமிகளால் நோயுற்றோரின் குருதியிலும் இவ்வினை காணப்பட்டது. எனவே இது குறிப்பிட்ட ஒரு கிருமிக்கான எதிர்ப்பொருள் அன்று என்பது விளங்கிற்று.

‘சி’ பொருளுடன் வினைபுரிவதால் இது சி-ரியாக்டிவ் புரதம் எனப் பெயர் பெற்றது. உடலில் அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருள் கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் இப்புரதத்தைப் பெருமளவில் சுரக்கிறது. நலமுள்ளவர் குருதியில், லிட்டருக்குச் சில மில்லிகிராமே உள்ள இது, கடும் நோயில் சில நூறு மில்லிகிராம்வரை உயரும்.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப்பின் கோவிட்-19 உலகைத் தாக்கியது. எந்த நோயாளிக்கு ஆபத்து மிகுதி என்று முன்கூட்டியே அறிய வேண்டிய நெருக்கடி எழுந்தது. சீனாவின் வூகான் நகர மருத்துவர்கள் 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 2020 மார்ச்சில் வெளியிட்டனர். அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். குருதிக்கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமர் என்னும் துணுக்கு, சேர்க்கையின்போதே மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் இறப்பு மிகுந்து காணப்பட்டது.

அறிவிப்பு மட்டும் உயிரைக் காத்துவிடுமா? பிரிட்டனில் நடந்த ‘ரிக்கவரி’ ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆக்சிஜன் குறைந்து, சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 4,116 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு, வழக்கமான சிகிச்சையுடன் இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தும் அளிக்கப்பட்டது. 28 நாட்களில் இறந்தோர் விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது, நூற்றுக்கு நான்கு உயிர்கள் மிஞ்சின.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இம்மருந்து கல்லீரலுக்குச் செல்லும் தூண்டுதலையே தடுப்பதால், புதிய கிருமித் தொற்று ஏற்பட்டாலும் சி-ரியாக்டிவ் புரதம் உயராமல் இருக்கலாம். காற்றழுத்தமானியின் முள்ளைக் கட்டிவைத்துவிட்டுப் புயல் இல்லை என்று நம்புவதற்கு இது ஒப்பாகும்.

குருதி காட்டும் எண் நோயாளியின் விதி அன்று. உயர்ந்த எண்ணுடன் பிழைத்தவரும் உண்டு. தாழ்ந்த எண்ணுடன் இறந்தவரும் உண்டு. யாரை விழிப்புடன் கவனிக்க வேண்டும், யாருக்கு எம்மருந்து பயன்படும் என்று முடிவு செய்யத் துணைபுரிவதே அந்த எண்ணின் பயன்.