தேள் நஞ்சின் கடுமையை அளத்தல்: கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு நட்டுவாக்காலி பழக்கமானது. மட்கிய கட்டைகளுக்கடியில் பதுங்கும் ஹெட்டெரோமெட்ரஸ் ஸ்பைனிஃபர் என்ற இக்கருந்தேள் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். பார்த்தாலே அச்சம் வரும். ஆனால் அது கொட்டினால் வலியும் வீக்கமும் உண்டாகுமே தவிர, பெரும்பாலும் உயிர் போவதில்லை. இந்தியாவின் செந்தேள் உருவில் சிறியது. அதுவோ எத்தனையோ குழந்தைகளைப் பலிகொண்டிருக்கிறது. உருவத்தை வைத்து நஞ்சை மதிப்பிட முடியாதென்றால், எதைக் கொண்டு அளப்பது? இதற்கு அறிவியல் கண்ட விடையையும் அவ்விடையின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோலின் பிறப்பு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு விலங்கைக் கொல்லும் மிகக் குறைந்த அளவையே ஆய்வாளர்கள் தேடினர். ஒரே அளவு நஞ்சில் ஓர் எலி சாகும், மற்றொன்று பிழைக்கும். அதனால் முடிவுகள் ஒத்துவரவில்லை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவே நம்பகமானது என்று 1927-இல் இங்கிலாந்தின் ஜே. டபிள்யூ. டிரெவன் நிறுவினார். எல்.டி.50 எனப்படும் அளவுகோல் அதுவே.

தேளின் வால்நுனியில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தால் கொடுக்கு முனையில் ஒரு துளி நஞ்சு திரளும். அதை உறையவைத்து உலர்த்தி, எடைபோட்டு, உப்புநீரில் கரைப்பார்கள். சுமார் 20 கிராம் எடையுள்ள சுண்டெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் அளவாக ஊசியால் செலுத்துவார்கள். 24 அல்லது 48 மணி நேரத்தில் இறந்தவற்றை எண்ணி, புள்ளியியல் முறையில் கணக்கிடுவார்கள். மேற்காசியாவின் லையூரஸ் தேளுக்கு இந்த அளவு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 0.3 மில்லிகிராம். ஒரு சுண்டெலிக்கு 0.006 மில்லிகிராமே போதும்.

கோலாலம்பூரும் அண்டை நாடும்

கோலாலம்பூரில் விலங்குச் சோதனைக்கு நீண்ட மரபு உண்டு. 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும், தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பைக் கோழிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டான் இங்கெட் ஹோங் குழுவினர் இவ்வட்டாரப் பாம்பு நஞ்சுகளின் எல்.டி.50 அளவுகளைத் தொடர்ந்து ஆய்ந்தனர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோபாலகிருஷ்ணகோன் உள்ளிட்டோர் கருந்தேள் நஞ்சை எடுத்துக்கொண்டனர். உயிருள்ள விலங்குக்குச் செலுத்தாமல், எலியிடமிருந்து பிரித்தெடுத்த தசையில் சோதித்து, அந்நஞ்சில் நோரட்ரினலின், அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்திகள் மிகுந்திருப்பதைக் காட்டினர். எத்தனை எலிகள் இறந்தன என்ற கணக்கிலிருந்து கிடைக்காத விளக்கம் அது.

எண்ணின் எல்லை

சிரை வழி செலுத்தும்போது கிடைக்கும் எண் வேறு, தோலடியில் செலுத்தும்போது கிடைக்கும் எண் வேறு. சுண்டெலிக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. நஞ்சு எவ்வாறு கொல்கிறது என்பதையும் அந்த எண் சொல்லாது. செந்தேள் நஞ்சு இதயத்தையும் நுரையீரலையும் தாக்குவதை மகாராஷ்டிரத்தின் மகாடில் நோயாளிகளின் அருகிருந்து கவனித்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980-களில் பிரசோசின் மருந்தைப் பயன்படுத்தி உயிர்களைக் காத்தார்.

ஆயினும் எல்.டி.50-ஐ ஒதுக்கிவிட முடியாது. நச்சுமுறி மருந்தின் ஆற்றலைச் சோதிக்க, எல்.டி.50-இன் சில மடங்கு நஞ்சை அம்மருந்துடன் கலந்து சுண்டெலிகளுக்குச் செலுத்துவதே இன்றும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் முறை. அதே வேளையில், விலங்குகளை மாற்றுமுறைகளால் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்று 1959-இல் ரசலும் பர்ச்சும் வகுத்த நெறி இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. மலேசியாவிலும் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்துவதை உரிமத்துக்கு உட்படுத்துகிறது.

ஆகவே எல்.டி.50 என்பது மருந்தைச் சோதிக்கும் கருவியாக நிற்க வேண்டும். எந்தத் தேள் கொடியது என்று பட்டியல் போடுவதற்காக மட்டும் ஒரு சுண்டெலியும் சாகக் கூடாது.