புகையும் புட்டியும்: சிவாஜிநகர் வழியே டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கதை

பெங்களூர் சிவாஜிநகரில் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகங்களாக விற்கும் தெருக்களைக் குஜ்ரி என்பார்கள். உருதுவில் மாலைநேரச் சாலையோரச் சந்தையைக் குறிக்கும் சொல் இது. சென்னை ஜார்ஜ் டவுனின் குஜிலிக் கடைத்தெருவும் அங்கே விற்ற மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்களும் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். சென்னையில் அச்சு மையோடு ஒட்டிக்கொண்ட சொல், இங்கே கிரீஸோடு ஒட்டிக்கொண்டது.

கண்டோன்மென்ட்டை ஒட்டி வளர்ந்த, தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் இந்தப் பகுதியின் பணிமனைகளுக்கு நெடுங்காலம் சோறு போட்ட எஞ்சின்களுள் ஒன்று டூ-ஸ்ட்ரோக். பஜாஜ் ஆட்டோ, மைசூரில் தயாரான ஜாவாவும் எஸ்டியும், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய அனைத்தும் இந்த வகையே. பின்னாளில் நகரக் காற்றைக் கெடுத்த குற்றவாளியாக இந்த எஞ்சின் கூண்டில் நிறுத்தப்பட்டது. குற்றத்தில் எஞ்சினின் பங்கு எவ்வளவு, அதற்கு ஊற்றப்பட்டவற்றின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அன்று போதிய அளவு கேட்கப்படவில்லை.

இதற்கு 1889 வரை பின்னால் போகவேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசஃப் டே காப்புரிமை பெற்ற வடிவத்தில், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையே காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பாக வேலை செய்தது. கேமால் இயங்கும் வால்வு இல்லை. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஆனால் கிராங்க் அறை பம்பாகிவிட்டதால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இடமில்லாமல் போயிற்று. உராய்வு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகவேண்டும். வேலை முடிந்ததும் எரிந்து புகையாக வெளியேற வேண்டும். ஆகவே இந்த எஞ்சினுக்குப் புகை பிறவிக்குணம்தான். எவ்வளவு புகை என்பதுதான் மனிதர் கையில் இருந்தது.

அந்தக் கை பெரும்பாலும் ஓட்டுநருடையது. லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் என்பது ஐம்பதுக்கு ஒன்று. 40 மில்லி என்பது இருபத்தைந்துக்கு ஒன்று. எந்த வண்டிக்கு எது என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருந்தது. ஓட்டுநரின் கையில் இருந்ததோ ஒரு புட்டி. பிஸ்டன் இறுகி எஞ்சின் ‘சீஸ்’ ஆனால் ஒரு வாரக் கூலி போய்விடும். எனவே ‘இன்னும் கொஞ்சம்’ ஊற்றுவது அவருடைய காப்பீடு. தெற்காசிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி உலக வங்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இதையே கண்டது: ஓட்டுநர்கள் பரிந்துரைத்த அளவைவிட மிகுதியாக, அதுவும் இந்த எஞ்சினுக்கென்று தயாரிக்கப்படாத மலிவான எண்ணெயை, ஊற்றிவந்தார்கள்.

அந்தக் காப்பீடு ஒரு கட்டத்துக்கு மேல் எதிர்வேலையும் செய்யும். கார்ப்ரேட்டரின் ஜெட் பெட்ரோலை அளப்பதில்லை. தன் துளை வழியே வரும் திரவத்தை அளக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிக்குப் பதில் 80 மில்லி ஊற்றினால், அதே துளை வழியே போகும் பெட்ரோல் 5 விழுக்காட்டுக்கும் மேல் குறையும். கலவை தடிப்பதால் ஓட்டமும் மந்தமாகும். புகை கூடக்கூட எரியும் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை சூடு ஏற்றும். ‘புகை வருகிறது, பெட்ரோல் அதிகம் போகிறது, ஜெட்டைக் குறை’ என்று கேட்டுவரும் ஆளிடம், சிக்கல் நேர்மாறானது என்று விளக்குவது எளிதன்று.

இதனால்தான் தேர்ந்த மெக்கானிக் கார்ப்ரேட்டரைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் மெலிவு: ஜெட்டில் தூசியா, கார்ப்ரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுக் கசிவா என்று தேடவேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி, சோக் ஒட்டிக்கொண்டது, அடைத்த ஃபில்டர், அல்லது ஃப்ளோட் ஊசி தேய்ந்து கிண்ணம் வழிவது. சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று ஆறவிட்டால் மறுபடி கிளம்பும் வண்டிக்கு, பெட்ரோல் மூடியின் காற்றுத்துளையைப் பார்த்தாலே பாதி வழக்கு முடியும். மிகவும் ஏமாற்றும் பழுது கிராங்க் சீல். கியர் பக்கச் சீல் தேய்ந்தால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைக்கும். கார்ப்ரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் புகை நிற்காது. கியர் ஆயிலின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பவருக்கே அது புரியும்.

பழைய உதிரிபாகச் சந்தைக்கு இதில் இரட்டை வேடம். வண்டியை ஓடவைத்ததும் அதுதான், குழப்பியதும் அதுதான். ஜெட்டின் அளவு அதன்மேல் எண்ணாகப் பொறித்திருக்கும். ஆனால் அடைப்பெடுக்கக் கம்பி நுழைத்த பித்தளை ஜெட்டில் எண் அப்படியே இருக்கும், துளைதான் பெருத்திருக்கும். பல கை மாறி வந்த கார்ப்ரேட்டரில் எண்ணை நம்பியவர் ஏமாந்தார்.

1998 ஜூலையில் எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வாண்டு முடிவதற்குள் தில்லியில் உதிரி 2டி எண்ணெய் விற்பனையை நிறுத்தவும், எண்ணெயை எந்திரத்தால் அளந்து பெட்ரோலோடு கலந்து தரவும் ஆணையிட்டது. அந்த ஆணையின் புகழ்பெற்ற பகுதி பேருந்துகளை சிஎன்ஜிக்கு மாற்றச் சொன்னதே. புட்டியை ஓட்டுநர் கையிலிருந்து எடுத்த இந்தச் சிறிய பகுதியையும் அதற்கு இணையாக வைத்துப் பேசவேண்டும்: எஞ்சினை மாற்றாமலே புகையைக் குறைக்க முடியும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. பெங்களூரின் முடிவு வேறாக இருந்தது. ஆட்டோக்கள் எல்பிஜிக்கு நகர்ந்தன. 2017-18 நிதிநிலை அறிக்கையில், டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவைக் கைவிட்டுப் புதியது வாங்குவோருக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தது கர்நாடக அரசு.

மிஞ்சியவை ஆர்வலர்களின் எஸ்டிகளும் ஆர்எக்ஸ்களும். 2023 பிப்ரவரி 6 அன்று, இதே பெங்களூரில், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் தொடங்கிவைக்கப்பட்டது. எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். எனவே பழைய ஜெட்டின் அதே துளை இப்போது மெலிந்த கலவையைத் தருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். இந்த முறை கலப்பு ஓட்டுநரின் புட்டியில் அல்லாமல், பங்குக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. பிளக் வெளுப்பதைக் கண்டவர்கள் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குகிறார்கள். வண்டியை நெடுநாள் நிறுத்துமுன் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறார்கள்.